பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை: ஓர் ஆசிரியரின் ஒப்புதல்



கோபிசெட்டிபாளையத்தில் நான் ஓதிக் கொடுக்கும் மக்தப், சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிச் சீருடை மாற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடம் சேர வேண்டும். ஆகவே எட்டு மணி நெருங்கும்போதே முக்கால்வாசிப் பிள்ளைகளின் கண் கடிகாரத்தின்மீது இருக்கும். இருபது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் காட்சி இது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் முதல் ஒரு பையன் மட்டும் அவசரப்படாமல் இருந்தான். எல்லாரும் போன பிறகு ரெஹால்களை ஒவ்வொன்றாக அடுக்குவான், பாய்களைச் சுருட்டுவான், மின்விசிறியை அணைப்பான், பிறகும் வாசற்படியில் சிறிது நேரம் நிற்பான். "மாஷா அல்லாஹ், எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று மற்றப் பிள்ளைகளின் முன்னால் அவனைப் புகழ்ந்தேன். அச்சம்தான் அவனை அங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பதை நான் அப்போது அறியவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை அவனுடைய தாயார் ஒரு பாட்டில் தண்ணீருடன் மதரஸா வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், பையனுக்கு யாரோ கண் வெச்சாப்பல இருக்குதுங்க. ஓத வரப்ப நல்லாத்தான் இருக்கான். வீட்டுக்கு வந்து யூனிபார்ம் எடுத்தா வயித்துவலி, வாந்தி. பள்ளிக்கூடம்னு சொன்னாலே அழுகுறான். கொஞ்சம் தண்ணி ஓதிக் குடுங்க" என்றார்.

சூரத்துல் ஃபாத்திஹாவையும் ஃபலக், நாஸ் சூராக்களையும் ஓதி ஊதிக் கொடுத்தேன். இறைவேதத்தில் நோய்நிவாரணம் உண்டு என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் ஓதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று எண்ணினேனே, அதுதான் பிழை. அந்தத் தாய் தம்மையறியாமலேயே நோயின் இருப்பிடத்தை எனக்குச் சொல்லியிருந்தார். ஓத வரும்போது இல்லாத வலி, சீருடையைக் கண்டதும் வருகிறது. என் காதில் விழுந்த அந்தச் சொல் என் மனத்தில் விழவில்லை.

பையனின் அத்தா திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியற்காலை போவார். மருத்துவரிடம் காட்டினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. "அப்ப நடிக்கிறான்" என்று அத்தா தீர்மானித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்டார். "கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று நான் சொன்னேன். இந்தச் சொல்லை நான் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பையனைத் தூக்கி வண்டியின் பின்னால் உட்கார வைத்துப் புறப்பட்டார். பேருந்து நிலையத்துக்கு அருகே வண்டி வேகம் குறைந்தபோது பிள்ளை கீழே குதித்துவிட்டான். முழங்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ பிரேக் போட்டு நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், அன்று நாங்கள் ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டிய நிலை வரவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய வேறொரு பிள்ளையின் முகம் கண்முன் வந்து நின்றது. அவனுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, மக்தபுக்கும் வரவில்லை. நான் பெரிய மாணவர்கள் இருவரை அனுப்பினேன். அவர்கள் அவனைக் கையும் காலுமாகத் தூக்கி வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் பிரம்பால் அடித்தேன். மூன்று நாள் வந்தான். நான்காம் நாள் வரவில்லை. அதன்பின் எங்குமே படிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஓர் உஸ்தாதின் கண்டிப்பு என்றால் இதுதான் என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து நான் கேட்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரிடமும், மனநல மருத்துவர் ஒருவரிடமும் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது வேறு. பள்ளிக்கூடம் போக முடியாமல் தவிப்பது வேறு. மட்டம் போடும் பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் வாய்க்கால் கரைக்கோ கடைவீதிக்கோ போகிறான். போக மறுக்கும் பிள்ளை வீட்டிலேயே, தாயின் கண் முன்னாலேயே இருக்கிறான். அழுகிறான், வாந்தி எடுக்கிறான், படிப்பில் ஆசை இருந்தும் காலடி எடுத்து வைக்க முடியாமல் நிற்கிறான். 1932-இல் இஸ்ரா பிராட்வின் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1941-இல் அமெரிக்காவில் அடலெய்ட் ஜான்சனும் அவருடைய தோழர்களும் இதற்குப் 'பள்ளி அச்சம்' என்று பெயரிட்டார்கள். தாயைப் பிரியும் அச்சம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாகக் கிறிஸ்டோபர் கியர்னி, மறுப்புக்குப் பின்னால் நான்கு வகைக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒன்று தரும் மனக்கலக்கத்திலிருந்து விலகுவது ஒன்று. பிறர் முன்னால் பேசுதல், தேர்வு, கேலி ஆகியவற்றிலிருந்து தப்புவது இரண்டு. பெற்றோரின் அருகாமையை நாடுவது மூன்று. வீட்டில் கிடைக்கும் தொலைக்காட்சி, கைப்பேசி போன்ற இன்பங்களுக்காகத் தங்கிவிடுவது நான்கு. ஒரே பிள்ளையிடம் இவற்றில் இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பிரம்பு என்று நான் நினைத்திருந்தேன்.

வயிற்றுவலி பெரும்பாலும் நடிப்பு அல்ல என்பதையும் அந்த மருத்துவர் எனக்கு விளக்கினார். அச்சம் மிகும்போது உடல் ஆபத்தைச் சந்திக்க ஆயத்தமாகிறது; நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் தடைப்படுகிறது, குடல் முறுக்குகிறது. ஸ்கேனில் தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு வலி உண்மையாகவே வலிக்கிறது. "நடிக்கிறாய்" என்று சொல்லும்போது, உண்மை சொல்லும் பிள்ளையை நாம் பொய்யன் என்கிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல. ஜப்பானில் ஓராண்டில் 30 நாட்களோ அதற்கு மேலோ இவ்வாறு வராமல் இருக்கும் பிள்ளைகளை அரசே தனியாகக் கணக்கெடுக்கிறது. 2023-ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் மட்டும் அந்த எண்ணிக்கை 3 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. நம் தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. நான் சொல்லும் பையன் 2020-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவன். வகுப்பறையில் அமரவும், ஆசிரியரை நிமிர்ந்து பார்க்கவும், சக பிள்ளைகளோடு சண்டையிட்டுச் சமாதானமாகவும் பழக வேண்டிய காலத்தை அவன் வீட்டுத் திண்ணையில் கழித்தான். பிறகு சிறிய தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, ஒரு வகுப்பில் ஐம்பது பேர் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தான்.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு பிள்ளையின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தவர் கணித மேதை இராமானுஜன். சிறுவயதில் அவரைச் சென்னையில் இருந்த பாட்டனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. போகாமல் இருக்க வழி தேடினார். குடும்பத்தார் அவர் பள்ளிக்கூடம் போவதை உறுதிசெய்ய உள்ளூர்க் காவலர் ஒருவரையே ஏற்பாடு செய்தார்கள். அதுவும் பயன்படவில்லை. ஆறு மாதங்களுக்குள் அவரைக் கும்பகோணத்துக்கே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே பிள்ளை 1897 நவம்பரில் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் பெற்றார். பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைகள் எல்லாரும் மேதைகள் ஆவார்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. காவலர் கையைப் பிடித்து இழுத்தபோது நடக்காதது, இடமும் மனிதர்களும் பொருந்தி வந்தபோது நடந்தது. அதை மட்டும் கவனியுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய இரண்டு பெரிய மாணவர்கள் அந்தக் காவலரின் வேலையைத்தான் செய்தார்கள்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து இடைவிடாமல் கல்வியைச் சுமத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், கடைசியில் கல்வியிலிருந்தே தப்பிக்கத் தந்திரம் தேடுவான் என்று எச்சரிக்கிறார்கள். இமாம் அவர்கள் மறைந்தது 1111-இல். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377-இல் எழுதிய முகத்திமாவில், மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீங்கைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழக்கிறான், அடிக்கு அஞ்சிப் பொய் சொல்லவும் ஏமாற்றவும் பழகுகிறான் என்பது அவர்களின் கருத்து. டிப்ளமோ படித்தபோது நான் இந்த நூல்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். அவை என் கையில் இருந்த பிரம்பைப் பற்றிப் பேசுகின்றன என்று அப்போது உணரவில்லை.

அண்ணலார் (ஸல்) அவர்களின் வழியோ இதனினும் தெளிவானது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், பெருமானார் தம்மை ஒருமுறைகூடச் 'ச்சீ' என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அறிவிக்கிறார்கள். அனஸின் தம்பியான சிறுவன் அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, பெருமானார் அந்தப் பறவையைப் பற்றி அவனிடம் வாஞ்சையோடு விசாரித்தார்கள். தொழுகையில் நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகைக்காகத் தொழுகையே சுருங்கியது என்றால், என் ஒன்றரை மணி நேரப் பாடம் எம்மாத்திரம்?

மீண்டும் அந்தப் பையனிடம் வருகிறேன். முழங்கால் புண் ஆறும்வரை நான் அவனிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. காலையில் ரெஹால் அடுக்கும்போது நானும் கூட நின்று அடுக்கினேன். இரண்டு வாரம் அவனைக் கவனித்தேன். கூட்டாக ஓதும்போது அவன் குரல் தெளிவாக, ராகத்தோடு வரும். தனியாக ஓதச் சொன்னாலும் தஜ்வீதில் குறையில்லை. ஆனால் "நேற்று யார் வரவில்லை?" என்று பொதுவாகக் கேட்டால், விடை தெரிந்தும் அவன் வாய் திறப்பதில்லை. பெயரைக் கேட்டால் பாதம் தரையில் தட்டும், உதடு குவியும், ஒலி வராது. பிறகு தலையை ஆட்டிச் சிரித்துச் சமாளிப்பான். இரண்டு ஆண்டுகளாக என்னிடம் ஓதும் பிள்ளைக்குத் திக்குவாய் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். ராகத்தோடும் பலரோடு சேர்ந்தும் ஓதும்போது திக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும் என்று பின்னர் அறிந்தேன். ஆகவே மக்தப் அவனுக்குப் புகலிடமாக இருந்தது. குர்ஆன் ஓதும்போது மட்டுமே அவன் நாவு அவன் சொன்னபடி கேட்டது.

ஒரு மாலை அவனைத் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் நடக்க அழைத்துப் போனேன். "பள்ளிக்கூடத்தில் எந்த நேரம் உனக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. நெல்வயலில் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிறகு திக்கித் திக்கிச் சொன்னான்: "அட்டெண்டென்ஸுங்க ஹஜ்ரத்."

காலையில் பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின் முதல் எழுத்து அவன் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் வகுப்பு சிரித்தது. இரண்டாம் நாள் அவன் முறை வரும்முன்பே சிரித்தது. ஒருநாள் அவன் வாய் திறப்பதற்குள் ஆசிரியை அடுத்த பெயருக்குப் போய்விட, உட்கார்ந்திருந்த பிள்ளை வராதவன் ஆகிவிட்டான். ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் வாந்தி எடுத்து, ஓடும் வண்டியிலிருந்து குதித்திருக்கிறான் ஒரு பதினோரு வயதுப் பிள்ளை.

நான் அவனுக்கு மூஸா (அலை) அவர்களைப் பற்றிச் சொன்னேன். அல்லாஹ் ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது, அந்த நபி தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு வேண்டினார்கள். துணைக்குத் தம் சகோதரர் ஹாரூனைக் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கோழை என்று சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்தான். "உனக்கும் ஒரு ஹாரூன் வேண்டும், அவ்வளவுதான்" என்றேன். அவன் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த வாரம் பையனின் அம்மாவும் நானும் பள்ளிக்கூடம் சென்று வகுப்பாசிரியையைச் சந்தித்தோம். குற்றம் சாட்டுவதற்கு அல்ல, உதவி கேட்பதற்கு வந்திருக்கிறோம் என்று முதலிலேயே சொன்னோம். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் உதட்டை அவர் எப்படிக் கவனித்திருக்க முடியும்? இருபது பேரில் நானே கவனிக்கவில்லையே! அந்தச் சகோதரி உண்மையிலேயே வருந்தினார். மறுநாள் முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினால் போதும் என்று முறையை மாற்றினார். இவனுக்கு மட்டும் சலுகை என்று தெரியாதபடி எல்லாருக்கும் மாற்றியது அவருடைய நுட்பம். எனக்கு அது தோன்றியிருக்காது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மாணவன் தினமும் கூட நடந்து வரவும், அவனோடு ஒரே பெஞ்சில் அமரவும் ஏற்பாடாயிற்று. அந்தப் பிள்ளை நம் சமுதாயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் எங்கள் பையன் வீட்டில் அவனை "என் ஹாரூன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் மதிய உணவு வரை மட்டும் இருந்தான். இரண்டாம் வாரம் முழுநாள். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது மீண்டும் வயிற்றுவலி வந்தது. இரண்டு நாள் போகவில்லை. நாங்கள் பதறவில்லை, மூன்றாம் நாள் போனான். பேச்சுப் பயிற்சிக்கு ஈரோட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். திக்கல் முழுதும் போய்விடவில்லை, போகாமலும் இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் போகிறான்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பையன் போகாமலிருந்த நாட்களில் அவனுடைய அத்தா என்னிடம், "பள்ளிக்கூடம் வேண்டாம்னா விடுங்க ஹஜ்ரத், ஹிஃப்ழ்ல சேத்துருலாம். குரலும் நல்லா இருக்குது" என்றார். என் மனம் ஒரு கணம் மகிழ்ந்தது. உண்மையை ஏன் மறைப்பது? நல்ல குரல், நல்ல நினைவாற்றல். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அஞ்சி ஓடும் பிள்ளையை மதரஸாவில் சேர்த்தால், குர்ஆனை அவன் ஒளிந்துகொள்ளும் இடமாக்கிவிடுவோம். அச்சம் அவனுக்குள் அப்படியே இருக்கும். ஒருநாள் இங்கிருந்தும் ஓடுவான். விருப்பத்தோடு ஹிஃப்ழுக்கு வரட்டும், தலைமேல் வைத்துக்கொள்கிறேன். தப்பித்து வர வேண்டாம் என்று சொன்னேன். என் சக உஸ்தாதுகளிடமும் இதையே வேண்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் நிற்க முடியாத பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடமாக மதரஸாக்களை ஆக்கிவிடாதீர்கள்.

பெற்றோருக்குச் சில சொற்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி, உடல்நோய் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கண்பார்வையையும் காதையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். பிறகு ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள்: வலி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது, விடுமுறை நாளில் வருகிறதா? இந்தக் கணக்கே பாதி உண்மையைச் சொல்லிவிடும். காலை அவசரத்தில் விசாரிக்காதீர்கள். மாலையில் கூட நடக்கும்போதோ, வேலை செய்யும்போதோ, முகத்தை உற்றுப் பார்க்காமல் கேளுங்கள். 'ஏன் போகமாட்டேன் என்கிறாய்' என்பது பிள்ளைக்கு விடை தெரியாத கேள்வி. 'எந்த நேரம் கஷ்டம், எந்த இடம் கஷ்டம்' என்பதற்கு விடை கிடைக்கும். கழிவறையாக இருக்கலாம், பேருந்தில் சீண்டும் பெரிய பையனாக இருக்கலாம், கணக்குப் பாடமாக இருக்கலாம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் மறுத்தால், அங்கே தண்ணீரும் மறைவும் இருக்கின்றனவா என்று தாய்மார்கள் கேட்டறிய வேண்டும்.

வீட்டில் இருக்கும் நாளில் திட்டவும் வேண்டாம், விருந்து வைக்கவும் வேண்டாம். பள்ளிக்கூட நேரத்தில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லை என்பதை அமைதியாக நடைமுறைப்படுத்துங்கள். நன்னிமார்கள் பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில் முறுக்கையும் போனையும் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடமும் பக்குவமாகப் பேசுங்கள். வீட்டில் தங்கும் நாட்கள் கூடக்கூடத் திரும்பிப் போவது கடினமாகும். ஆகவே முழுநாள் முடியாவிட்டால் ஒரு மணி நேரம், அதுவும் முடியாவிட்டால் வாசல்வரை என்று சிறுசிறு படியாகத் தொடங்குங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியேற்றவும் முடியாது. 2012-இல் வந்த திருத்தத்தால் இந்தச் சட்டம் மதரஸாக்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மறுமையின் விசாரணையில் எங்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்பதை உஸ்தாதுகள் நினைவில் கொள்வோம். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 ஆகிய எண்கள் உள்ளன. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இறுதியாக, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பிள்ளை. இப்போது இளைஞன். சத்தி சாலையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறான். முன்பு ஒருமுறை என் வண்டிக்கு அவன்தான் பஞ்சர் ஒட்டினான். ஸலாமுக்குப் பதில் சொன்னான், காசு வாங்க மறுத்தான், கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அல்லாஹ்வுக்கு நான் செய்த பாவத்தை அவனிடம் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்கலாம். அடியானுக்குச் செய்ததை அந்த அடியானிடம்தானே கேட்க வேண்டும்? பையன் முழுநாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பட்டறைக்குச் சென்றேன். அன்று உன்னைத் தூக்கிவரச் செய்ததும் அடித்ததும் தவறு, மன்னித்துவிடு என்று கேட்டேன்.

கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுத் துணியில் கை துடைத்தான். "அப்ப அத்தா தினமும் குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிப்பாருங்க ஹஜ்ரத். நான் வீட்ல இருந்தா கொஞ்சம் கம்மியா அடிப்பாரு. அதனாலதான் நான் எங்கயும் போகல" என்றான். சற்று நேரம் கழித்து, "நீங்க ஒருதடவ கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பனுங்க" என்றான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன். போன மாதம் அவன் தன் மகளை மக்தபில் சேர்க்க அழைத்து வந்தான். நான்கு வயது. முதல் நாள் அத்தாவின் சட்டையை விடாமல் அழுதாள். அவனையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். எட்டு மணி வரை தன் மகளின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான்.

நம் பிள்ளைகளின் சொல்லப்படாத அச்சங்களைக் கேட்கும் செவியை அல்லாஹ் நமக்குத் தருவானாக. அறியாமையால் நாம் காயப்படுத்திய பிள்ளைகளின் உள்ளங்களை அவனே ஆற்றுவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.